பும்ராவின் முதுகும் மூன்று பேட்டைகளும்

லண்டன் ஓவல் மைதானத்தில் இந்திய அணி ஆறே ரன் வித்தியாசத்தில் வென்று, ஐந்து டெஸ்ட் கொண்ட தொடரை இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தது 2025 ஆகஸ்டு 4ஆம் தேதி. அந்த வாரம் முழுவதும் மும்பையில் தமிழர் கூடிய இடங்களிலெல்லாம் அவ்வெற்றியைப் பற்றிய சம்பாஷணை ஐந்து நிமிஷம் நடந்தது. ஆறாவது நிமிஷத்தில் ஜஸ்பிரீத் பும்ராவின் முதுகு வந்து குறுக்கே நின்றது. அவர் ஏன் அந்தக் கடைசி ஆட்டத்தில் ஆடவில்லை? ஐந்தில் மூன்றுதான் ஆடுவேன் என்று ஒரு வீரர் முன்கூட்டியே சொல்லலாமா? இந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் வீசப் போகிறார்? மின்சார ரெயிலில் நிற்பதற்கு இடமில்லாத நெரிசலிலும் இந்த விசாரத்துக்கு இடமிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் ஒரு சிறு பிரயாணத்தை மேற்கொண்டோம். தூரம் அதிகமில்லை. காலையில் மாதுங்கா, நடுப்பகலில் தாராவி, மாலையில் செம்பூர். நேயர்களில் பெரும்பாலோர் இம்மூன்று பேட்டைகளில் ஒன்றில் குடியிருப்பவர்களே. ஆகையால் ஸ்தல புராணம் சொல்லி அலுப்பூட்டப் போவதில்லை. ஒரே முதுகைப் பற்றி மூன்று இடங்களில் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கேட்டு வருவதுதான் நமது உத்தேசம்.

கிரிக்கெட்டில் நாட்டமில்லாத நேயர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பும்ரா அகமதாபாதில் பிறந்தவர். ஆயினும் 2013ஆம் ஆண்டு முதல் ஐ.பி.எல். பந்தயங்களில் மும்பை அணிக்கே ஆடி வந்திருப்பதால் இந்நகரம் அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டது. 2019 செப்டம்பரில் அவரது கீழ்முதுகு எலும்பில் நுண்ணிய விரிசல் கண்டது. சில மாதங்களில் தேறி வந்தார். 2022இல் அதே முதுகு மறுபடியும் படுத்திற்று. அவ்வருஷத்து இருபது ஓவர் உலகக் கோப்பையில் அவர் இல்லை. 2023 மார்ச்சு மாதம் நியூஸிலாந்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் திரும்பி வந்த வேகத்தை உலகமே பார்த்தது. 2024இல் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றபோது அந்தப் பந்தயத்தின் சிறந்த வீரர் அவரே. அவ்வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று ஐந்து டெஸ்டுகளில் 32 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் ஐந்தாவது டெஸ்டின் நடுவில், 2025 ஜனவரி 4ஆம் தேதி, சிட்னி மைதானத்திலிருந்து காரில் ஏறிப் பரிசோதனைக்குப் போனார். மறுநாள் ஆஸ்திரேலியா 162 ரன் இலக்கைத் துரத்தியபோது அவர் பந்தைத் தொடவில்லை. மூன்று மாதம் மறுபடியும் ஓய்வு. இங்கிலாந்துப் பயணத்தில் மூன்று டெஸ்டுகளுக்கு மேல் ஆடுவதில்லை என்ற தீர்மானம் அதன் விளைவு.

மாதுங்காவில் ரெயில் நிலையத்துக்குக் கிழக்கே பூக்கடைகளில் மல்லிகையும் கதம்பமும் மழையில் நனைந்து கிடந்தன. காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் தெரு முனையிலேயே வரவேற்றது. இட்லிக்கும் காப்பிக்கும் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் இப்போது தமிழரைக் காட்டிலும் மற்றவர்களே அதிகம். நமது ஆட்களில் பலர் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நவி மும்பைக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். எஞ்சியிருக்கும் பெரியவர்கள் ஞாயிறு காலையில் ஒரு வாசற்படியில் கூடுவது வழக்கம். அங்கேதான் நாமும் போய் அமர்ந்தோம்.

மாதுங்காவில் எதையும் கணக்கோடுதான் பேசுவார்கள். வங்கியிலும் ரெயில்வேயிலும் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? ஒருவர் சட்டைப் பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "ஆஸ்திரேலியாவில் 151 ஓவர் 2 பந்து. அதாவது 908 பந்து, நோ பால் நீங்கலாக" என்றார். "இங்கிலாந்தில் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி 23 விக்கெட் எடுத்திருக்கிறான். பும்ரா மூன்று ஆடி 14. பும்ரா ஆடிய மூன்றில் நாம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆடாத இரண்டிலும் ஜெயித்தோம். இதற்கு என்ன சொல்கிறீர்?"

"ஓய், லீட்ஸிலும் லார்ட்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்தானே, அது உம்முடைய புத்தகத்தில் ஏறவில்லையா?" என்று இன்னொருவர் மடக்கினார்.

கவாஸ்கரின் பெயர் வராமல் மாதுங்காவில் கிரிக்கெட் பேச்சு முடியாது. இந்திய கிரிக்கெட் அகராதியிலிருந்தே 'பணிச்சுமை' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று அவர் அந்த வாரத்தில் அபிப்பிராயம் தெரிவித்திருந்தார். குறிப்புப் புத்தகக்காரர் அதை வேதவாக்காக எடுத்து வைத்தார். ஆனால் பும்ராவின் விஷயம் பணிச்சுமையைச் சேர்ந்ததன்று, அது காயத்தைப் பேணும் விஷயம் என்று அதே கவாஸ்கர் பிரித்துச் சொன்னதை எதிர்த் தரப்பு நினைவூட்டிற்று. அதன் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் ஒரு மாமா டெண்டுல்கரைப் பற்றிப் பிரஸ்தாபித்தார். சிவாஜி பார்க்கில் ஆடிப் பழகிய பிள்ளையைச் சிறு வயதிலேயே கண்டவர்கள் இந்தத் தலைமுறை. 2004இல் அவருக்கு முழங்கையில் கோளாறு வந்ததும், 2005 மே மாதம் லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்ததும், மறு வருஷம் தோளிலும் கத்தி வைத்ததும் இவர்களுக்கு வீட்டு விஷயம் மாதிரி. 2006 மார்ச்சில் வாங்கடே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 21 பந்து தடுமாறி ஒரு ரன்னில் அவர் ஆட்டமிழந்து திரும்பியபோது சொந்த ஊர்க் கூட்டத்தின் ஒரு பகுதியே கூச்சலிட்டு ஏளனம் செய்தது. "நானும் அன்று அங்கே இருந்தேன். கூச்சலிட்டேனா இல்லையா என்று கேட்காதீர்கள்" என்றார் மாமா. கேட்க நமக்கு மனம் வரவில்லை. அதே டெண்டுல்கர் 2010இல் குவாலியரில் ஒருநாள் ஆட்டத்தில் 200 ரன் எடுத்தார். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி அதே வாங்கடேயில் உலகக் கோப்பையோடு தோள்களில் சுமக்கப்பட்டு வலம் வந்தார். 2013 நவம்பரில் அங்கேயே தமது 200ஆவது டெஸ்டோடு விடைபெற்றார். "ஆகையால் பும்ரா தீர்ந்தான் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை" என்று மாமா முடித்தார்.

நியாயமான பேச்சுதான். ஆயினும் மட்டை பிடிப்பவரின் முழங்கையும் பந்து வீசுபவரின் முதுகும் ஒன்றாகுமா என்ற சந்தேகம் நமக்கு உண்டாயிற்று. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ரெயில் பாதையைக் கடந்து, லேபர் காம்ப் வழியாகத் தாராவிக்கு நடந்தோம்.

இந்த நடை கால் மணிக்குச் சற்று அதிகம். பத்திரிகைகளில் தாராவியைப் படிப்பவர்கள் அங்கே அழுக்கையும் நெரிசலையும் மட்டுமே காண்கிறார்கள். நமக்கு அது வேலை செய்யும் ஊர். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டாலும் தோல் பை தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. குயவர் வாடையில் சூளை புகைகிறது. தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் திருநெல்வேலிச் சீமைப் பேச்சு காதில் விழுகிறது. அதிகாலையில் இந்தச் சந்துகளில் வெந்த இட்லிதான் அலுமினியப் பாத்திரங்களில் ஏறி, சைக்கிளிலும் தலையிலுமாக நகரத்தின் ஆபீசு வாசல்கள் வரை போகிறது. வீடுகளை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றிய கவலை எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. ஆயினும் அன்று ஞாயிறு. மழையும் விட்டிருந்தது. சந்தின் அகலம் ஆறடி இருக்கும். அதில் ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒரு முறை தரையில் பட்டு எழும்பினாலும் ஒற்றைக் கையால் பிடித்துவிட்டால் அவுட். மாடிக்குப் போனாலும் அவுட். ஒரு பையன் பும்ராவைப் போலவே குட்டிக் குட்டி அடி வைத்து வந்து, வலக்கையை விறைப்பாக நீட்டி வீசினான். அச்சு அப்படியே இருந்தது.

"ஏலே, அப்படிப் போடாதே, இடுப்பு போயிரும்" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்கு உரியவர் ஐம்பதைக் கடந்த அண்ணாச்சி. இருபது வருஷத்துக்கு மேல் இட்லிப் பாத்திரம் சுமந்தவர். இப்போது சுமப்பதில்லை. மாவரைக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு, சுமையை மகனிடம் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டோம். ஒரு நாள் காலையில் மாடிப்படி ஏறும்போது முதுகில் பளிச்சென்று வெட்டியதாம். ஆறு வாரம் படுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அண்ணாச்சி எட்டு நாள் படுத்திருந்தார். ஒன்பதாம் நாள் பாத்திரம் தலையில் ஏறிவிட்டது. மூன்றாம் மாதம் மறுபடியும் வெட்டிற்று. அதன் பிறகு தலையில் ஏறவேயில்லை.

சுற்றிலும் இளைஞர்கள் கூடிவிட்டார்கள். தோல் பட்டறையில் தைக்கும் ஒருவர் சற்றுச் சூடாகவே பேசினார். "கோடிக் கணக்கில் வாங்குறாரு. அஞ்சு மேட்சு ஆட முடியாதா? நாங்க ஒரு நாள் வரலேன்னா ஒரு நாள் கூலி போச்சு. அவரு உக்காந்திருந்தாலும் சம்பளம் வருது." இது அற்பமான வாதமன்று. தினக்கூலிக்காரர் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. மாதுங்காவில் எவரும் இதைச் சொல்லவில்லை. ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு அது தோன்றாததில் ஆச்சரியமில்லை.

அண்ணாச்சி பதில் சொல்ல அவசரப்படவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "சம்பளம் எவ்வளவுன்னு எலும்புக்குத் தெரியுமா தம்பி? மூணுதான்னு முன்னாடியே வாய் விட்டுச் சொன்னாரு பாரு, அது பெரிய காரியம். கேப்டன் பதவியும் வேண்டாம்னுட்டாரு. நான் எங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலை, வலிக்குதுன்னு" என்றார்.

தலைமைப் பதவியைப் பற்றி அவர் சொன்னது உண்மையே. ஒரு தொடரில் எல்லா டெஸ்டும் ஆட முடியாதவன் தலைவனாக இருப்பது அணிக்கு நியாயமாகாது என்று கருதி பும்ராவே விலகினார். 2025 மே மாதம் அப்பதவி சுப்மன் கில்லிடம் போயிற்று.

இந்த இடத்தில் பேச்சு நடராஜனிடம் திரும்பியது. தாராவியில் திரும்பாமல் எப்படியிருக்கும்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். தந்தை நெசவுக் கூலித் தொழிலாளி, தாயார் சாலையோரத்தில் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட நடராஜன், அதே பயணத்தில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் முதன்முறையாக இந்தியாவுக்கு ஆடினார். ஒரே பயணத்தில் இவ்வாறு மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் தொடங்கிய டெஸ்டில் அவருக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வயிற்றுத் தசைப் பிடிப்பால் பும்ரா அந்த ஆட்டத்தில் ஆட முடியவில்லை. அசுவின், ஜடேஜா, விஹாரி ஆகியோரும் காயத்தால் விலகியிருந்தார்கள். அணியே ஆஸ்பத்திரி வார்டு போல் இருந்தபடியால் நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும், அதாவது இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும், ஒரே நாளில் கதவு திறந்தது. முதல் இன்னிங்ஸில் இருவரும் மூன்று மூன்று விக்கெட் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இந்தியா வென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"நம்ம ஊர்க்காரன் இங்க வந்து முதல் வேலை பார்த்ததே ஒருத்தன் சீக்குல ஊருக்குப் போன இடத்துலதானே" என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது. தாராவிக்கு வந்த பழைய குடும்பங்களில் இந்தக் கதை சொல்லாத வீடு குறைவு. ஒருவர் காய்ச்சலில் படுத்தார், அவர் இடத்தில் மச்சினன் நின்றான், அப்படியே நிலைத்தான்.

ஆனால் நடராஜன் நிலைக்கவில்லை. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒருநாள் ஆட்டம் ஆடினார். ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு நாம் தாராவித் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்நாள் வரை இந்தியத் தொப்பி மறுபடியும் அவர் தலையில் ஏறவில்லை. இடையில் சும்மா இருந்துவிடவுமில்லை. 2024 ஐ.பி.எல். பந்தயத்தில் ஐதராபாத் அணிக்கு 19 விக்கெட் எடுத்தார். டில்லி அணி அவரைப் பத்தே முக்கால் கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2025 பந்தயத்தில் இரண்டே ஆட்டங்களில் ஆடினார். இதற்கிடையில் தமது சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்திருக்கிறார். 2023இல் திறப்பு விழா நடந்தது.

பும்ராவுக்கு முதுகு விரிந்தால் அறுவைக்கு நியூஸிலாந்து, பராமரிப்புக்கு ஒரு படை, எத்தனை மாதமானாலும் காலியாகக் காத்திருக்கும் இடம். நடராஜனுக்கு முழங்கால் விரிந்த காலத்தில் அந்த இடத்தில் வேறு இடக்கைப் பையன் வந்து நின்றான். இதில் அநியாயம் நடந்தது என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். பும்ராவின் திறமை வேறு, நடராஜனின் திறமை வேறு. யார்க்கர் போடத் தெரிந்தவர் எல்லாரும் பும்ரா ஆகிவிட மாட்டார். எனினும் நட்சத்திர வீரரின் காயத்தைப் பற்றி உலகெங்கும் பேசுகிறவர்கள், அவர் வராத நாட்களில் வந்துபோனவர்களின் காயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இருவரையும் ஒரே மூச்சில் பேசக் கேட்டது அன்று தாராவி ஒன்றில்தான்.

சயான் நிலையத்தில் வண்டியேறி, குர்லாவில் இறங்கி ஹார்பர் பாதைக்கு மாறி, செம்பூரை அடைந்தபோது மணி ஐந்து. செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் கூட்டம். தரிசனம் முடித்துக் கீழே வந்து, சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிநேகிதர் ஒருவரோடு உட்கார்ந்தோம். செம்பூர் எஞ்சினீயர்கள் வாழும் பூமி. மாதுங்காவில் எழுந்த சந்தேகத்துக்கு இங்கேதான் விடை கிடைத்தது.

"வேகமாக ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்குகிறது சார்" என்று அவர் விளக்கினார். "அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகுகிறது. வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்க முதுகெலும்பின் மெல்லிய வளைவில் விரிசல் விழும். எங்கள் ஆலைக் குழாயும் இப்படித்தான், ஒரே இடத்தில் ஓயாமல் அசைந்தால் விரிசல் விடும். ஒரு வித்தியாசம் உண்டு. இரும்பு தானாக ஆறாது. எலும்பு ஆறும், அவகாசம் கொடுத்தால். ஆறுகிற வேகத்தைக் காட்டிலும் அடிக்கிற வேகம் அதிகமானால்தான் விபரீதம்." பும்ரா சிறிது தூரமே ஓடி வந்து, ஓட்டத்தின் உதவி குறைவாகவும் உடம்பின் முறுக்கு அதிகமாகவும் வீசுகிறார் என்பதால் பழுது மிகுதியாகும் என்பது பல நிபுணர்களின் கருத்து. அந்த விசித்திர வீச்சுதான் மட்டைக்காரர்களைத் திணற அடிக்கிறது. அதை மாற்றினால் முதுகு தப்பலாம், பும்ரா மிஞ்சுவாரா என்பது தெரியாது.

முன்னோர் கதைகள் இரண்டு விதமாகவும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் விரிசல்கள் கண்டன. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தவர், வீச்சைச் சீர்திருத்திக்கொண்டு 1974-75 தொடரில் இங்கிலாந்தின் 25 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பின்னாளில் அவரே சென்னையில் 1987இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு ஆசானாக வந்து, நமது பிள்ளைகளுக்கு முதுகைக் காக்கும் வித்தையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். மறுபக்கம் நியூஸிலாந்தின் ஷேன் பாண்ட். முதுகில் அறுவை செய்துகொண்டும் 18 டெஸ்டோடு அவரது கணக்கு முடிந்தது. மும்பை அணிக்குப் பல வருஷம் பயிற்சியாளராக இருந்து பும்ராவை அருகிலிருந்து கண்ட பாண்ட், அதே இடத்தில் இன்னொரு முறை அடிபட்டால் மீள்வது அரிது என்ற கருத்தை 2025 மார்ச்சில் வெளியிட்டார்.

செம்பூர்க்காரர்களுக்கு இதில் சொந்தச் சம்பந்தமும் உண்டு. சூரியகுமார் யாதவ் இங்கே, அணுசக்தி நகர் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை. 2023 டிசம்பரில் கணுக்காலில் அடி. 2024 ஜனவரியில் ஜெர்மனியின் மூனிக் நகரில் அடிவயிற்றில் அறுவை. அந்த வருஷம் ஜூனில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் எல்லைக் கோட்டருகே அவர் பிடித்த காட்சை யார் மறப்பார்? 2025 ஜூனில் மறுபடியும் மூனிக், மறுபடியும் அறுவை. இதை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, "இப்ப அந்தப் பிள்ளைக்கு வலி இருக்கோ?" என்று கேட்டார். காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் பேசியிருந்தோம். இந்தக் கேள்வி புதிதாக இருந்தது. சிநேகிதர், "தெரியவில்லை அம்மா" என்றார்.

ஆசியக் கோப்பைக்கான அணி ஆகஸ்டு 19ஆம் தேதி மும்பையில் அறிவிக்கப்பட்டது. அன்று கொட்டிய மழையில் தண்டவாளங்கள் மூழ்கி மின்சார ரெயில்கள் நின்றுபோயின. அறிவிப்புக் கூட்டமே தாமதமாயிற்று. தலைவர் சூரியகுமார். பும்ராவின் பெயரும் இருந்தது. தாராவி அண்ணாச்சி ஞாபகம் வந்து, தொலைபேசியில் கூப்பிட்டோம்.

"நம்ம பையன் பேரு?" என்று கேட்டார்.

இல்லை என்றோம்.

"சரி, அப்புறம் பேசுதேன். தண்ணி வாசப்படி ஏறிட்டு. அரிசி மூடையைப் பரண்ல தூக்கி வச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். பின்னாலிருந்து மகனின் குரல், "விடுங்கப்பா, நான் தூக்குதேன்" என்று கத்திக்கொண்டிருந்தது.